கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பிஎச்.டி. சேரப் போகிறீர்களா? நான் பட்டதைப் படித்துவிட்டுச் சேருங்கள்

போன மாதம் எனக்கு வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. 2021 தொடக்கத்தில், தமிழ்நாட்டின் மேற்குப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் துறையில் முழுநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். பட்டது மனதில் பச்சையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. எம்.டெக். முடித்த ஜூனியர்கள் போன் செய்து, "அக்கா, அங்கே சேரலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேரு, சேராதே என்று ஒரு வார்த்தையில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இதையெல்லாம் என்னிடம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒன்றரை வருடமாவது மிச்சமாகியிருக்கும். ஒரு லட்சத்துக்கு மேல் கைக்காசும் தங்கியிருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இன்னொரு ஊரில் இன்னொரு துறையில் படிப்பவருக்கும் இது பழகிய கதையாகத்தான் இருக்கும்.

நான் அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் சாதனைப் பட்டியல். துறையின் ஆண்டு மலரில் பக்கம் பக்கமாக இருந்தது. அந்த ஆண்டு வெளியான கட்டுரைகள், அவை வந்த இதழ்களின் மதிப்பைக் காட்டும் இம்பாக்ட் ஃபேக்டர், வெளியான காப்புரிமைகள், இந்திய வேதிப் பொறியாளர் கழகத்தின் மாணவர் மாநாடான ஸ்கெம்கானில் வாங்கிய பரிசுகள், கேட் தேர்வில் தேறியவர்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் ஒரு கட்டுரைக்குப் பின்னால் எத்தனை வருடம் போனது, அந்த மாணவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வந்ததா, எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அந்த மலரில் இருக்காது. எந்தத் துறையின் மலரிலும் இருக்காது. அதை நாமாகத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேட நல்ல இடம் சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியம் அது. யாரும் காசில்லாமல் படிக்கலாம். நீங்கள் சேர நினைக்கும் வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடினால், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பல ஆய்வேடுகளின் விவரப் பக்கத்தில் பதிவு செய்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நன்றியுரையையும் விடாமல் படியுங்கள். எந்த ஆய்வகத்தில் சோதனை செய்தார்கள், எந்த நிறுவனம் பணம் கொடுத்தது, கருவிகள் துறையிலேயே இருந்தனவா, வெளியே அனுப்பினார்களா என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அப்புறம் அந்த முன்னாள் மாணவர்களில் இரண்டு பேரிடமாவது போனில் பேசிவிடுங்கள். மின்னஞ்சலில் எழுதத் தயங்குவதைப் போனில் சொல்வார்கள்.

இனி பணம். நான் சேர்ந்தது ஒரு நிதி நிறுவனம் கொடுத்த மூன்று வருடத் திட்டத்தில், ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் பணியிடத்தில். அப்போது மாதம் 31,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப்.-க்கு 37,000, அதற்கு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப்.-க்கு 42,000 என்று மத்திய அரசு உயர்த்தியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திட்டப் பணம் மொத்தமாக வருவதில்லை, வருடாவருடம் தவணையாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் போனால்தான் அடுத்த தவணை கிடைக்கும். அந்தச் சான்றிதழைச் சுருக்கமாக யூ.சி. என்பார்கள். அந்த யூ.சி. துறையிலிருந்து கிளம்பி, நிதிப் பிரிவு, தணிக்கை என்று ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். எங்கள் யூ.சி. ஒரு மேஜையில் படுத்துக்கொண்டது. இரண்டாம் வருடத்தில் பாதிக்கு மேல் எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. விடுதிக் கட்டணமும் செமஸ்டர் கட்டணமும் மட்டும் நாள் தவறாமல் வந்தன. 26 வயதில், முதுகலை முடித்து வேலையில் இருப்பதாக ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, அப்பாவிடம் மெஸ் பில்லுக்குக் கேட்டேன். அம்மா கூட்டுறவுச் சங்கத்தில் செயினை அடகு வைத்தார். அந்த வட்டியையும் நான் இந்தப் படிப்பின் செலவில்தான் எழுதி வைத்திருக்கிறேன். அன்று வந்த கோபமும் அவமானமும் இன்னும் குறையவில்லை. உதவித்தொகை தாமதமாவதை ஒரு சின்ன அலுவலகச் சிக்கலாகப் பேசுகிறார்கள். ஒரு குடும்பத்தின் நகை அடகுக்குப் போவது எப்படிச் சின்ன விஷயமாகும்?

அதனால் சேருவதற்கு முன் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். திட்டம் எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் முடிகிறது? இது மிக முக்கியம். திட்டம் மூன்று வருடம், பிஎச்.டி. நான்கு ஐந்து வருடம். திட்டம் தொடங்கி ஒரு வருடம் கழித்து உங்களைச் சேர்த்தால் உங்களுக்கு இரண்டு வருடம்தான் பணம். திட்டம் முடிந்த பிறகு பல்கலைக்கழக உதவித்தொகை ஏதாவது உண்டா? வீட்டு வாடகைப் படி பணி ஆணையில் எழுதியிருக்கிறதா? போன வருடத் தவணை எந்த மாதம் வந்தது? இந்தக் கடைசிக் கேள்வியை வழிகாட்டியிடம் கேட்பதைவிட அதே ஆய்வகத்தில் இருக்கும் சீனியரிடம் கேளுங்கள். முடிந்தால் ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். முடியாது என்றால், யூ.ஜி.சி. அல்லது சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டுச் சேருவதற்காக ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்பேன். அது உங்கள் பெயரில் வரும் பணம். வழிகாட்டியின் திட்டம் முடிந்தாலும் நிற்காது.

இப்போது ஆராய்ச்சிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்த தலைப்பு, சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்குவது. நான் ஈரோட்டுப் பக்கம் பிறந்தவள். காலிங்கராயன் வாய்க்காலில் சாயத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவள். சாயக் கழிவால் நொய்யல் ஆறும் அதன் குறுக்கே இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்பதை எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் மனப்பூர்வமாகத்தான் இந்த வேலையில் இறங்கினேன். சீமைக் கருவேல மரத்தை எடுத்து, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, 500 டிகிரி பக்கத்தில் சுட்டு ஊக்குவித்த கரி தயாரிப்பது, அதில் சாயத்தை உறிஞ்ச வைப்பது. முதல் வருடம் எல்லாம் அருமையாக நடந்தது. வாலை வடிநீரில் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தைக் கரைத்து, கரியைப் போட்டு ஷேக்கரில் குலுக்கினால், தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். நீக்கம் 99 சதவீதம். கரி எவ்வளவு சாயத்தைப் பிடிக்கும் என்று காட்டும் லாங்மியூர் சமவெப்பக் கோட்டுக்குப் பொருந்தியது. எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்று சொல்லும் போலி இரண்டாம் படி வினைவேகத்துக்கும் பொருந்தியது. துறையில் பாராட்டினார்கள். அதைக் கட்டுரையாக அனுப்பு என்றார்கள்.

அப்போதுதான் திருப்பூர்ப் பக்கம் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து உண்மையான கழிவுநீர் வாங்கி வந்தேன். அதே கரி, அதே அளவு, அதே நேரம். நிறம் கொஞ்சம்தான் குறைந்தது. முதலில் கரியில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் புதிதாகச் சுட்டேன். திரும்பவும் அதேதான். பல வாரம் இப்படிப் போனது. இரவில் தூக்கம் வராது. நான் ஏதோ தவறு செய்கிறேன், முதல் வருட முடிவுகளும் தவறோ என்ற பயம். கேட்டால், "ஒரிஜினல் எஃப்ளுவென்ட் அப்படித்தான் இருக்கும், அதைக் கட்டுரையில் போட வேண்டாம்" என்ற பதில்தான் வந்தது.

என்ன நடந்தது என்று பிற்பாடு புரிந்ததைச் சொல்கிறேன். தெரிந்துகொண்டால் உங்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகும். மெத்திலீன் புளூ நேர்மின் அயனிச் சாயம். கரியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மையோடு இருந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் தென்படும் சாயம் அதுதான். ஆனால் திருப்பூரில் பருத்திப் பின்னலாடைக்குப் போடுவது பெரும்பாலும் நூலிழையோடு வினைபுரிந்து பிடிக்கும் ரியாக்டிவ் சாயங்கள். அவை சல்போனேட் தொகுதிகளால் எதிர்மின் தன்மை கொண்டவை. சாய ஆலைக் கழிவுநீர் காரமானது, பி.எச். 10 பக்கம் இருக்கும். பாஸ்பாரிக் அமிலத்தில் தயாரித்த கரி அந்தக் கார நிலையில் எதிர்மின் தன்மை அடைந்துவிடும். எதிர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று தள்ளும். சரி, அமிலம் ஊற்றி பி.எச்.-ஐக் குறைக்கலாமே என்றால், சாயத் தொட்டியில் போட்ட சோடா சாம்பல் கழிவுநீரில் இருப்பதால் அமிலம் ஏராளமாகக் குடிக்கும். போதாதற்கு, துணியில் பிடிக்காமல் நீரோடு வினைபுரிந்துவிட்ட சாயம், சோப்பு, ஒட்டாமல் பிரித்து வைக்கும் துணைப் பொருட்கள் என்று எல்லாம் கரியின் நுண்துளைகளுக்குப் போட்டியிடும். பீக்கரில் வாலை வடிநீரில் எடுத்த 99 சதவீதத்துக்கும் ஆலைக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

இன்னொரு விஷயத்தை அந்த நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த ஒரு அண்ணன்தான் சொன்னார். நான் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இருந்தபோது, என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். நிறத்தை எடுப்பது என்றேன். "கலர் எங்களுக்குப் பெரிய பிரச்சனையே இல்லீங்கம்மா. உப்புதானுங்க பிரச்சனை. அதுக்கு ஏதாச்சும் கண்டுபிடிங்க" என்றார். அதைக் கேட்டு அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் என் பிஎச்.டி.யைக் காப்பாற்றியது அந்த வார்த்தைதான்.

அவர் சொன்னதன் பின்னணி இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்றானது. அந்த முறையில் கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரித்து, நிறம் நீக்கி, ஆர்.ஓ. சவ்வு வழியாக அனுப்பி, நல்ல தண்ணீரைத் திரும்பச் சாய ஆலைக்கே கொடுப்பார்கள். ஆர்.ஓ. தள்ளிவிடும் உப்புத் தண்ணீரை என்ன செய்வது? ரியாக்டிவ் சாயத்தைப் பருத்தியில் ஏற்ற லிட்டருக்கு 40, 50 கிராம் உப்புகூடப் போட வேண்டியிருக்கும். அந்த உப்பு அத்தனையும் அங்கே வந்து சேரும். ஆவியாக்கிகளில் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். மின்சாரமும் விறகும் ஏராளமாகப் போகும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆள் இருக்காது, கொட்டவும் இடம் இருக்காது. அந்த உப்புக் கரைசலில் மிச்சமிருக்கும் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டால், அதையே அடுத்த சாயத் தொட்டிக்கு உப்பாகத் திருப்பிக் கொடுக்கலாம். நான் என் கரியை அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். உயிரியல் சுத்திகரிப்பு தாண்டி வந்த கரைசல் என்பதால் சோப்பும் மற்றதும் குறைவு. கரிக்கும் அங்கே வேலை செய்ய வாய்ப்பு இருந்தது. முடிவு 99 இல்லை. ஆனால் அந்தக் கரைசலில் சாயமிட்ட துணியின் நிறம் ஆலைக்காரர்கள் ஏற்கும் அளவுக்கு வந்தது. எனக்கு அந்தத் துணித் துண்டு எந்தக் கட்டுரையையும்விடப் பெரிய விஷயம்.

அதனால் இதைச் சொல்கிறேன்: தலைப்பு முடிவாவதற்கு முன், பதிவான முதல் ஆறு மாதத்துக்குள், அந்தப் பிரச்சினையோடு தினமும் வேலை செய்யும் ஆளைப் போய்ப் பாருங்கள். சாயம் என்றால் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், தோல் என்றால் டேனரி, சர்க்கரை என்றால் ஆலையின் ஷிப்ட் கெமிஸ்ட். துறைத் தலைவரின் கடிதத்தோடு போனால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். உண்மையான மாதிரியில் முதல் சோதனையை உடனே செய்துவிடுங்கள். அது தோற்றாலும் நல்லது, மூன்றாம் வருடத்தில் தோற்பதைவிட. தோற்ற தரவையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். என் ஆய்வேட்டின் ஒரு முழு அத்தியாயம் அப்படித் தோற்ற தரவுதான். வைவாவில் வெளித் தேர்வாளர் அதிக நேரம் பேசியதும் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான்.

கரி நிரப்பிய குழாயில் செய்யும் காலம் (column) சோதனை பற்றிப் பெண்களுக்கு மட்டும் ஒரு விஷயம். குலுக்குச் சோதனை சில மணி நேரத்தில் முடியும். கரியை நிரப்பிய குழாயில் கரைசலைத் தொடர்ந்து ஓடவிட்டு, எப்போது கரி நிரம்பி நிறம் மறுபக்கம் கசிகிறது என்று பார்க்கும் சோதனை இரவு முழுக்க, சில சமயம் மறுநாளும் ஓடும். குறித்த இடைவெளியில் மாதிரி எடுக்க வேண்டும். எங்கள் மகளிர் விடுதியில் இரவு நேரக் கட்டுப்பாடு இருந்தது. ஆண் மாணவர்கள் ஆய்வகத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வழிகாட்டி, துறைத் தலைவர், வார்டன் என்று மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. ஒருவர் லீவில் போனால் அந்த வாரம் போச்சு. இரண்டு முறை மின்சாரம் போய் பம்ப் நின்று, சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு செமஸ்டருக்குச் சேர்த்து அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். எந்தெந்த வாரம், உடன் இருக்கும் இன்னொரு மாணவி யார், பாதுகாவலர் எந்த நேரம் வந்து பார்ப்பார் என்று எல்லாவற்றையும் அதில் குறித்திருந்தேன். அது கிடைத்துவிட்டது. இப்படிக் கேட்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள். பம்புக்கு ஒரு யூ.பி.எஸ். இணைப்பும் கேளுங்கள்.

அந்த இரவுகளில் எனக்குக் கைகொடுத்தவர்கள் இறுதியாண்டு பி.டெக். பிள்ளைகள். தங்கள் புராஜெக்ட்டை என் வேலையோடு சேர்த்துக்கொண்டு, மாதிரி எடுத்து, நிறமானியில் அளந்து, பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்கள். கட்டுரையில் அவர்கள் பெயரைப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வேலை செய்த மாணவன் பெயர் போய், ஆய்வகத்தின் வாசலைக்கூடத் தொடாத ஒருவர் பெயர் வருவது நம் துறைகளில் வழக்கமாகிவிட்டது. இது எனக்கு இன்றும் தாங்க முடியாத விஷயம். இப்போது பல ஆய்விதழ்கள், யார் என்ன செய்தார் என்று ஒவ்வொரு ஆசிரியரின் பங்கையும் எழுதச் சொல்கின்றன. அந்தப் பகுதியைச் சோதனை நடக்கும்போதே எழுதி, எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வைத்துவிடுங்கள். பிற்பாடு ஒரு பெயரைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னால், அவர் எந்த வரியில் வருவார் என்று மரியாதையாகக் கேட்க அது ஒரு பிடிமானம். பி.டெக். படிக்கும்போதே இதைப் படிப்பவர்களுக்கு: தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதி தருகிறது. துறை அறிவிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே தேதியைப் பார்த்து விண்ணப்பம் எழுதுங்கள்.

கருவிகளுக்கு வருகிறேன். கைக்காசு அதிகம் போனது இதில்தான். கரியின் மேற்பரப்பு அளவைப் பார்க்கும் பெட் சோதனை, படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்.ஆர்.டி., எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுக்கும் செம் படம், வேதித் தொகுதிகளைக் காட்டும் எஃப்.டி.ஐ.ஆர். என்று ஒவ்வொன்றுக்கும் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. திட்டப் பணம் நின்ற காலத்தில் எல்லாம் என் செலவு. ஒரு தனியார் சோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்தேன், கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. வேறு. அவர்கள் வரைபடத்தைப் படமாக மட்டும் அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து, ஆய்விதழின் மதிப்பாய்வாளர் நுண்துளைகளின் அளவுப் பரவலைக் கேட்டார். அதற்கு எண்கள் வேண்டும். சோதனை நிலையத்தில் கேட்டால், பழைய கோப்புகளை அழித்துவிட்டோம் என்றார்கள். அதே மாதிரிகளுக்குத் திரும்பவும் முழுக் கட்டணம் கட்டினேன். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே, மூலத் தரவுக் கோப்பும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், வந்த அன்றே இரண்டு இடத்தில் சேமியுங்கள். பெட் சோதனைக்கு எந்த வெப்பநிலையில் வாயு நீக்க வேண்டும் என்று படிவத்தில் நீங்களே குறியுங்கள். கொடுத்த மாதிரியில் பாதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் போகும் முன் ஐ-ஸ்டெம் தளத்தில் பாருங்கள். அரசு நிதியில் வாங்கிய கருவிகள் எந்த ஊரில் எந்த நிறுவனத்தில் இருக்கின்றன என்று அங்கே தேடலாம், முன்பதிவும் செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் சைஃப் போன்ற பொதுக் கருவி மையங்களில் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணம் தொழிற்சாலைக் கட்டணத்தைவிட மிகவும் குறைவு. வழிகாட்டியின் கையெழுத்தும் துறை முத்திரையும் இருக்கும் கடிதம் கூடவே போக வேண்டும்.

அடுத்தது கட்டுரை. பிஎச்.டி. ஆய்வேடு சமர்ப்பிக்க ஆய்விதழில் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனையை யூ.ஜி.சி. 2022 நவம்பர் விதிமுறையில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியை வைத்துக்கொள்ளலாம். என் பல்கலைக்கழகம் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளங்களின் பட்டியலில் உள்ள இதழில்தான் வர வேண்டும் என்றது. நான் அனுப்பும்போது அந்த இதழ் பட்டியலில் இருந்தது. பெரிய பதிப்பகம். மதிப்பாய்வும் உண்மையாகவே நடந்தது, இரண்டு சுற்று திருத்தினேன். கட்டுரை ஏற்கப்பட்ட சில வாரங்களில் அந்த இதழைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தக் கட்டுரை கணக்கில் வராது என்று என் ஆய்வை மேற்பார்க்கும் குழுவில் சொன்னார்கள். என் தவறு எதுவும் அதில் இல்லை. கட்டுரையிலும் குறை இல்லை. ஆனால் இன்னொரு கட்டுரை எழுதி, அனுப்பி, ஏற்கப்பட ஏறக்குறைய ஒரு வருடம் போனது. அந்த வருடத்தில் உதவித்தொகையும் இல்லை. இனிமேல் முடியாது, ஏதாவது கோச்சிங் சென்டரில் கெமிஸ்ட்ரி எடுக்கப் போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். தங்கைதான் தடுத்தாள்.

இது அபூர்வமாக நடப்பது என்று நினைக்காதீர்கள். சுற்றுச்சூழல் பக்கம் வேலை செய்யும் எத்தனையோ கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்கள் கட்டுரை போட்ட கீமோஸ்பியர் என்ற பெரிய இதழே 2024 டிசம்பரில் வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதனால் ஒரே இதழை நம்பி இருக்காதீர்கள். அனுப்பும் நாளிலும் ஏற்கப்படும் நாளிலும் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலையும் வெப் ஆஃப் சயின்ஸின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்டையும் திறந்து பார்த்து, தேதி தெரியும்படி பக்கத்தைச் சேமித்து வையுங்கள். ஸ்கோபஸ் நீக்கிய இதழ்களின் பட்டியலும் தனியாகக் கிடைக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கும், அனுப்பிய தேதியா, ஏற்ற தேதியா, வெளியான தேதியா என்று ஆராய்ச்சிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் என்னிடம் இருந்திருந்தால் குழுவில் வாதாடியிருக்கலாம். உண்மையான இதழின் பெயரில் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. அப்படிப்பட்டவற்றை ரிட்ராக்ஷன் வாட்ச் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலில் சரிபாருங்கள். வெளியிடக் காசு கேட்டால் பயந்துவிடாதீர்கள். பெரிய பதிப்பகங்களின் பல இதழ்களில் யாரும் இலவசமாகப் படிக்கும் ஓப்பன் ஆக்சஸ் முறை வேண்டாம், சந்தா முறையிலேயே வரட்டும் என்று தேர்ந்தெடுத்தால் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. என் இரண்டாம் கட்டுரை அப்படித்தான் வந்தது.

காப்புரிமை பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. சாதனைப் பட்டியலில் 'காப்புரிமை' என்று இருப்பதில் விண்ணப்பித்தது, வெளியானது, வழங்கப்பட்டது எல்லாம் கலந்திருக்கும். இந்தியாவில் விண்ணப்பித்த எதுவும் பொதுவாக 18 மாதத்தில் தானாகவே காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகிவிடும். முன்கூட்டியே வெளியிடவும் தனிப் படிவமும் கட்டணமும் உண்டு. வெளியானது என்றால் பரிசோதித்து ஏற்றுவிட்டார்கள் என்று பொருள் இல்லை. வடிவமைப்புப் பதிவு என்பது முற்றிலும் வேறு, அது பொருளின் தோற்றத்துக்கு மட்டும். வாட்ஸப்பில் 'மூன்றாம் இடம் இவ்வளவு ரூபாய், நான்காம் இடம் இவ்வளவு' என்று பெயர் விற்கிறார்கள். எனக்கும் வந்தது, தடை செய்துவிட்டேன். அப்படி வாங்கிய ஒன்று நேர்காணலில் ஒரு கேள்வியைத் தாங்காது. உங்களிடம் உண்மையிலேயே புதிய ஒன்று இருந்தால், மாநாட்டில் போஸ்டர் ஒட்டுவதற்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள். நாமே வெளியே சொல்லிவிட்டால் புதுமை போய்விட்டது என்று மறுக்கலாம். சட்டத்தில் 12 மாத விலக்கு இருந்தாலும் அது குறுகிய சூழ்நிலைகளுக்குத்தான். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து செலவு செய்ய வேண்டியிருக்காது.

இப்போது என் நிலுவைத் தொகையில் ஒரு பகுதி வந்திருக்கிறது. மீதிக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம்: வைவா முடிந்ததும் நோ டியூஸ் படிவத்தை எல்லாப் பிரிவிலும் அவசரமாகக் கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். தற்காலிகச் சான்றிதழ் வேண்டுமே என்று நாமும் ஓடுவோம். அதற்கு முன் திட்டக் கணக்கில் உங்களுக்கு வர வேண்டிய மாதங்கள் எவை, எவ்வளவு என்று ஒரு கடிதம் எழுதி, நிதிப் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நோ டியூஸ் என்பது நீங்கள் அவர்களுக்குத் தர வேண்டியது இல்லை என்பதற்கு மட்டும்தான், அவர்கள் உங்களுக்குத் தர வேண்டியதை அது தள்ளுபடி செய்யாது என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பணி ஆணை, சேர்க்கைக் கடிதம், ஒவ்வொரு மாத வருகைச் சான்று எல்லாவற்றின் நகலும் கையில் இருக்க வேண்டும். என்னிடம் இருந்ததால்தான் அந்த ஒரு பகுதியாவது வந்தது.